பயிற்சிக்கு ஒரு கதவு, வீட்டுக்கு வேறு கதவு: அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளருக்கான அரசு உதவி

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறி அறுவடைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு அரசே வேலைப் பயிற்சியும் தங்குமிடமும் தருகிறதாமே, அது யாருக்குக் கிடைக்கும், எப்படி வாங்குவது, எங்கே இடறுகிறது?

கிடைக்கிறது. ஆனால் பயிற்சி தருவது ஒரு துறை. வீட்டுக்குப் பெரும்பணம் போடுவது இன்னொரு துறை. தகுதி வரையறையும் வேறு வேறு. போதாக்குறைக்கு இரண்டும் ஒன்றோடொன்று முட்டவும் செய்யும். பயிற்சித் திட்டம் ஆளை வயலைவிட்டு வெளியே கொண்டுவரப் பார்க்கிறது. பண்ணைத் தொழிலாளர் குடியிருப்போ, வயல் வேலை இருக்கும்வரைதான் உங்களுடையது. இந்த முரண்பாட்டைத் தெரிந்துகொண்டு அடி வைத்தால் இரண்டையும் பயன்படுத்தலாம். தெரியாமல் இறங்கினால், பயிற்சி முடித்து நல்ல வேலை கிடைத்த ஆறாவது மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும்.

முதலில் பயிற்சி. திட்டத்தின் பெயர் நேஷனல் ஃபார்ம்வொர்க்கர் ஜாப்ஸ் புரோகிராம். 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் இதற்கு வேர் இருக்கிறது. பெயரும் சட்டமும் பலமுறை மாறி, இப்போது 2014இல் வந்த தொழிலாளர் திறன் சட்டத்தின் 167ஆம் பிரிவின்கீழ் நடக்கிறது. மத்தியத் தொழிலாளர் துறை நேரடியாக யாருக்கும் பயிற்சி தருவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டி வைத்து, மாநிலவாரியாக அமைப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பணம் தருகிறது. பெரும்பாலும் லாப நோக்கில்லாத நிறுவனங்கள்தான். ஃபுளோரிடா மாதிரி சில இடங்களில் மாநிலக் கல்வித் துறையே நடத்தியிருக்கிறது. ஆகவே தேடிப் போகவேண்டியது வாஷிங்டன் அலுவலகத்தை அல்ல, உங்கள் பகுதியில் இந்த மானியத்தை வாங்கியிருக்கும் அமைப்பை. அருகிலுள்ள 'அமெரிக்கன் ஜாப் சென்டர்' எதில் கேட்டாலும் அது யாரென்று சொல்லவேண்டும். அந்த மையங்களில் இவர்கள் சட்டப்படியே கூட்டாளிகள்.

பணம் எவ்வளவு என்று தெரிந்தால் எதிர்பார்ப்பு சரியாக அமையும். 2023 நிதியாண்டில் நாடு முழுமைக்கும் ஒதுக்கியது சுமார் 9.74 கோடி டாலர். அதில் பயிற்சிக்கும் வேலைச் சேவைகளுக்கும் 9 கோடிக்குச் சற்று மேல். வீட்டுவசதிக்கு வெறும் 66 லட்சம் சொச்சம். அந்த 66 லட்சத்திலும் குறைந்தது 70 சதவீதம் நிரந்தர வீட்டுப் பணிகளுக்குப் போகவேண்டும் என்று நிபந்தனை. எனவே 'பயிற்சியில் சேர்ந்தால் வீடும் கொடுப்பார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் இந்தப் பணமே உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இனி தகுதி. இங்கேதான் பாதிப் பேர் தாமாகவே 'நமக்குக் கிடைக்காது' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். கணக்கு புரியாததுதான் காரணம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் தொடர்ச்சியான ஏதாவது 12 மாதங்களில் உங்கள் முதன்மை வேலை விவசாயக் கூலியாகவோ மீன்வளர்ப்புக் கூலியாகவோ இருந்திருக்க வேண்டும். 'முதன்மை' என்றால் அந்த 12 மாத வருமானத்தில் பாதியாவது அதிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது வேலை செய்த நேரத்தில் பாதியாவது அதில் போயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். அந்த 12 மாதத்தை எங்கே தொடங்குவது என்பது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் தேர்ந்தெடுக்கக்கூடியது.

ஓர் உதாரணம். ஒருவர் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பக்கம் கோடையில் பீச், ஆகஸ்ட் கடைசியிலிருந்து உலர்திராட்சைப் பழம், குளிர்காலத்தில் கொடி கவாத்து என்று 2024 ஜனவரி வரை வயலில் இருந்தார். பிறகு ஒரு கிடங்கில் வேலைக்குப் போய்விட்டார். 2025 ஜூன் 10 அன்று விண்ணப்பிக்கிறார். 24 மாதக் கணக்கு 2023 ஜூன் 10இல் தொடங்கும். அன்றிலிருந்து 12 மாதம் எடுத்தால் முதல் ஏழு மாதத்துக்கு மேல் வயல், மீதி கிடங்கு. நேரக் கணக்கில் பாதிக்கு மேல் வயல்தான், தேறிவிடுவார். அவரே சோம்பியிருந்து டிசம்பரில் போனால் கணக்கு 2023 டிசம்பரில் தொடங்கும், வயல் வேலை ஒன்றிரண்டு மாதம்தான் மிஞ்சும், தகுதி போச்சு. வயலைவிட்டு வெளியேறியவர்களுக்கு இது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். ஒத்திப்போடக் கூடாது.

இதோடு குறைந்த வருமானமும் வேண்டும். அண்மை ஆண்டுகளின் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 150 சதவீதம்வரை இருக்கலாம் என்று தளர்த்தியிருக்கின்றன. 2025 கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 32,150 டாலர். அதன் ஒன்றரை மடங்கு 48,225. கணவன் மனைவி இருவரும் பருவத்தில் நன்றாகச் சம்பாதித்தாலும் இதற்குள் அடங்கிவிடுவது வழக்கம்தான். மூன்றாவதாக, அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமைக்கான ஆவணம். குடிமக்கள், பச்சை அட்டைக்காரர்கள், அகதிகள், புகலிடம் பெற்றவர்கள், வேலை அனுமதி உள்ள மற்றவர்கள் இதில் வருவார்கள். நான்காவது பலரை அதிரவைப்பது: 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்த ஆண்கள் 'செலக்டிவ் சர்வீஸ்' எனும் கட்டாய ராணுவ ஆளெடுப்புப் பட்டியலில் பெயர் பதிவு செய்திருக்க வேண்டும். 18 முதல் 26 வயதுக்குள் செய்யவேண்டிய பதிவு அது. 26 தாண்டியபின் நாட்டுக்குள் வந்தவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டவேண்டும். பதிவு செய்யாமல் வயது தாண்டிப்போனவர் 'வேண்டுமென்றே தவிர்க்கவில்லை' என்று எழுதிக் காட்டவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடித்து முழிப்பவர்கள் நிறைய.

அன்றாடம் சொந்த வீட்டுக்குத் திரும்பமுடியாத தூரத்துக்கு வேலைக்குப் போகிறவர் 'புலம்பெயர்' தொழிலாளர். திரும்பமுடிகிறவர் 'பருவகால' தொழிலாளர். பயிற்சிக்கு இருவரும் சமம்.

பலரும் கவனிக்காத ஒரு வழி உண்டு: தகுதியுள்ள தொழிலாளியைச் சார்ந்திருக்கும் மனைவி, கணவன், பிள்ளைகளும் சேரலாம். இளைஞர் பிரிவில் 14 முதல் 24 வயதுவரை எடுக்கிறார்கள். அப்பா திராட்சைத் தோட்டத்தில் இருக்க, 19 வயது மகள் செவிலியர் உதவியாளர் பயிற்சிக்குப் போகலாம். இது வெறும் சலுகையல்ல, ஒரு பெரிய சிக்கலுக்குத் தீர்வும்கூட. துண்டுக்கூலி வேலையில் மனைவி பறித்த கூடைகளும் கணவன் பெயரிலேயே சீட்டில் ஏறுவது இன்னமும் நடக்கிறது. மனைவி பத்து வருடம் வயலில் நின்றிருப்பார். காகிதத்தில் ஒரு நாள்கூட இருக்காது. அப்படிப்பட்டவர் தொழிலாளி என்று நிரூபிக்க அலைவதைவிட, சார்ந்திருப்பவர் என்ற வழியில் உள்ளே வருவதே சுலபம்.

காகிதங்கள் என்றதும் சம்பளச் சீட்டுக்கு வருவோம். எல்லாம் அதில்தான் தொங்குகிறது. 1983ஆம் ஆண்டின் புலம்பெயர் மற்றும் பருவகால விவசாயத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு சம்பளத்தோடும் எழுத்தில் ஒரு கணக்கு தரவேண்டும்: எந்த அடிப்படையில் கூலி, எத்தனை பெட்டி அல்லது வாளி, எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு, என்னென்ன பிடித்தம், எதற்காக, கைக்கு எவ்வளவு. முதலாளி இந்தப் பதிவை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். எனவே சீட்டைத் தொலைத்தவர் பழைய முதலாளியிடம் நகல் கேட்கலாம். ஆள் கூட்டிப்போகும் ஒப்பந்தக்காரர், நம் ஊரில் கரும்பு வெட்ட ஆள் சேர்க்கும் மேஸ்திரி மாதிரி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டுச் சீட்டே தராமல் இருந்தால் அவரிடமோ பண்ணைக்காரரிடமோ வேலை செய்த தேதிகளைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கவேண்டும். ஆண்டு முடிவில் வரும் டபிள்யூ-2 படிவம் மொத்த வருமானத்தைக் காட்டும், மாதங்களைக் காட்டாது. சீட்டுகளும் சேர்ந்திருந்தால்தான் 12 மாதக் கணக்கு போடமுடியும். இன்னொரு தொல்லை பெயர். அங்கே வயலில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா வம்சாவளியினர். அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயர். ஒரு சீட்டில் இரண்டும் இருக்கும், இன்னொன்றில் ஒன்றுதான் இருக்கும், அடையாள அட்டையில் இடம் மாறியிருக்கும். இதைச் சரிசெய்ய ஓர் எளிய உறுதிமொழிக் கடிதம் போதும். ஆனால் அதிகாரி கேட்கும்முன் நாமே எடுத்துச் சொன்னால் ஒரு வாரம் மிச்சம்.

அவசர உதவிக்கு மட்டும் இந்தப் பாடு இல்லை. உறைபனியில் பயிர் போய்விட்டது, வேலை நின்றுவிட்டது, சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் வழியில்லை என்றால், தொழிலாளி தானே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழியையே தகுதிச் சான்றாக ஏற்கலாம் என்று விதி சொல்கிறது. வேலை உரிமைக்கும் ராணுவப் பதிவுக்கும் மட்டும் உறுதிமொழி போதாது, ஆவணம் வேண்டும். இது தெரியாமல், ஒரு வேளை மளிகைக்காக ஒரு கட்டுச் சீட்டு தேடி வீட்டைப் புரட்டுகிறார்கள்.

தகுதி தேறியபின் மதிப்பீடு, பிறகு தனியாள் வேலைத் திட்டம் ஒன்று எழுதுவார்கள். படிப்பு குறைவாக இருந்தால் முதலில் ஆங்கில வகுப்பு, உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தேர்வு. அந்தத் தேர்வை ஸ்பானிஷிலும் எழுதலாம். இதற்கென்றே கல்வித் துறை நடத்தும் ஹெப் என்ற திட்டம் தனியாக இருக்கிறது. கடந்த 24 மாதத்தில் குடும்பத்தில் ஒருவர் 75 நாள் வயல் வேலை செய்திருந்தால் போதும். கல்லூரி முதலாண்டுக்குக் காம்ப் என்று அதன் தங்கை திட்டம். இரண்டையும் பயிற்சித் திட்டத்தோடு சேர்த்தே பயன்படுத்தலாம். ஒன்றில் இருந்தால் மற்றதில் கூடாது என்று இல்லை.

எந்தப் பயிற்சி? அதிகம் கேட்கப்படுவது கனரக லாரி ஓட்டுநர் உரிமம். 2022 பிப்ரவரி 7 முதல், மத்தியப் பதிவேட்டில் உள்ள பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்தால்தான் ஓட்டும் தேர்வே எழுதமுடியும். மச்சான் பண்ணை லாரியில் கற்றுக்கொடுத்தான் என்பது செல்லாது. கற்பவர் அனுமதி வாங்கி 14 நாள் ஆனபிறகுதான் ஓட்டும் தேர்வு. மருத்துவச் சான்று வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இங்கே கழுத்தைப் பிடிக்கும். 21 வயது ஆகாவிட்டால் மாநில எல்லை தாண்டி ஓட்டமுடியாது. எல்லாவற்றுக்கும் மேல் ஆங்கிலம்: சாலைப் பலகையைப் படிக்கவும் அதிகாரிக்குப் பதில் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக ஏட்டில் இருந்தது, 2025 ஜூன் கடைசியிலிருந்து, தெரியாதவரை அந்த இடத்திலேயே வண்டியிலிருந்து இறக்கிவிடும் அளவுக்குக் கடுமையாகியிருக்கிறது. உரிமத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாலும் சாலையில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே ஆங்கிலம் தகராறாக இருப்பவர் ஆறு மாதம் மொழிவகுப்பு முடித்துவிட்டு லாரிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு மத்தியக் குறைந்தபட்சம் 75 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 160. வேலை நிச்சயம் கிடைக்கும், சம்பளம் வானளாவ இருக்காது. ஃபோர்க்லிஃப்ட் 'சான்றிதழ்' பற்றி ஓர் எச்சரிக்கை: அதற்கு அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. ஓட்டுநரை மதிப்பிட்டுச் சான்று தரவேண்டியவர் அவரவர் முதலாளி. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும் அவர் பொறுப்பு. பயிற்சி மையத்தின் அட்டை விண்ணப்பத்தில் உதவும், அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி ஒரு பருவத்தைத் தியாகம் செய்யவேண்டாம்.

வயலைவிட்டுப் போகத்தான் வேண்டும் என்றில்லை. விவசாயத்துக்குள்ளேயே மேலேறுவதும் திட்டத்தின் நோக்கம்தான். சொட்டுநீர்க் குழாய் பராமரிப்பு, டிராக்டர், பூச்சிமருந்து தெளிப்பு உரிமம், விளைபொருள் பாதுகாப்பு மேற்பார்வை. கடைசியாகச் சொன்னதற்குச் சட்டத் தேவையே இருக்கிறது: மத்திய விளைபொருள் பாதுகாப்பு விதி பொருந்தும் ஒவ்வொரு பண்ணையிலும் பயிற்சி முடித்த மேற்பார்வையாளர் ஒருவராவது வேண்டும். நாற்பத்தைந்து வயது தாண்டி, முதுகு தளர்ந்து, பண்ணையை உள்ளங்கை மாதிரி அறிந்த ஒருவருக்கு வெல்டிங் பட்டறையைவிட இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. பயிற்சி அமைப்புகள் இதை ஏனோ போதுமான அளவுக்கு முன்வைப்பதில்லை. இந்த வழியில் வீடும் கையைவிட்டுப் போகாது; அதைப் பிறகு சொல்கிறேன்.

பயிற்சியைப் பாதியில் விடுவதற்கு முதல் காரணம் பாடம் அல்ல, வயிற்றுப்பாடு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எட்டு வாரமும் கூலி இல்லை. பெட்ரோல், பிள்ளை பராமரிப்பு, காலணி, கருவிகள், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. சில இடங்களில் சிறு உதவித்தொகையும் உண்டு. வீட்டு வாடகை முழுவதையும் எதிர்பார்க்க முடியாது. எனவே பருவத்தைப் பார்த்துச் சேரவேண்டும். கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் கீரை வேலை ஏப்ரலிலிருந்து அக்டோபர். நவம்பரில் அந்தப் பட்டாளமே அரிசோனாவின் யூமாவுக்கு நகர்ந்துவிடும். யூமாவுக்குப் போகாமல் தங்கி அந்த நான்கு மாதத்தில் படிப்பவர்கள் முடிக்கிறார்கள். ஜூலையில் தொடங்கியவர்களில் பலர் ஆகஸ்டில் வயலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கூலி இல்லாமல் தாங்கவே முடியாது என்றால் 'வேலையோடு பயிற்சி' என்ற வழியைக் கேளுங்கள்: முதலாளி முதல் நாளிலிருந்தே வேலைக்கு எடுத்து முழுச் சம்பளம் தருவார், பயிற்சிக் காலச் சம்பளத்தில் பாதிவரை, சில சூழலில் 75 சதவீதம்வரை, திட்டம் அவருக்குத் திருப்பித் தரும்.

இன்னும் ஒன்று. கட்டணம் நேராகப் பள்ளிக்குப் போகும். உங்கள் கையில் காசு வராது. ஆகவே கடன் வாங்கி லாரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டு, பிறகு இங்கே வந்து 'கட்டியதைத் திருப்பித் தாருங்கள்' என்று கேட்டால் நடக்காது. பெயர் பதிவான பிறகு, திட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்ட செலவுதான் செலவு. விண்ணப்பத்துக்கே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்.

இனி வீடு. மேலே சொன்ன அந்தச் சிறு தொகையிலிருந்து கிடைப்பது இரண்டு வகை. தற்காலிக உதவி: விடுதி அறைக்கான சீட்டு, சில வார வாடகை, முகாமில் படுக்கை. இது தகுதியுள்ள பண்ணைத் தொழிலாளருக்கு மட்டும். நிரந்தர வீட்டுப் பணி என்பது குடியிருப்பு கட்ட நிலம் தேடுவது, மற்ற நிதிகளைக் கோர்த்துக்கொடுப்பது போன்றவை. இப்படி உருவான நிரந்தரக் குடியிருப்பைப் பண்ணைத் தொழிலாளருக்குப் பரவலாக அறிவிக்கவேண்டும், ஆனால் மற்றவர்களும் குடியிருக்கலாம். விதியில் ஒரு வரிதான். பின்னால் சொல்லப்போகும் சிக்கலுக்கு இது ஒரு மருந்து.

பெரும்பணம் இருப்பது விவசாயத் துறையில். 1949 வீட்டுவசதிச் சட்டத்தின் 514, 516 பிரிவுகளின்கீழ் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பு கட்டக் கடனும் மானியமும் தருகிறார்கள். கடன் 1 சதவீத வட்டியில் 33 ஆண்டு. மானியம் செலவில் 90 சதவீதம்வரை போகலாம். வாடகை உதவி இணைந்திருக்கும் குடியிருப்பில் குடும்பம் தன் சரிசெய்த வருமானத்தில் 30 சதவீதம் மட்டும் கட்டினால் போதும். வேலை குறைந்த மாதம் வருமானம் குறைந்தால் கணக்கைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்; கேட்காவிட்டால் யாரும் தாமாகத் திருத்தமாட்டார்கள். விண்ணப்பம் கொடுக்கவேண்டியது துறையிடம் அல்ல, அந்தந்தக் குடியிருப்பின் மேலாளரிடம். காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து இடத்தில் பெயர் கொடுப்பதே நல்லது. முகவரி, தொலைபேசி மாறினால் உடனே சொல்லவேண்டும். பட்டியலில் முறை வந்து, கடிதம் பழைய முகவரிக்குப் போய், பெயர் அடிபட்டுப்போவது வாடிக்கை.

கலிஃபோர்னியாவில் மாநில அரசின் புலம்பெயர் குடும்பக் குடியிருப்பு மையங்கள் 24 இருக்கின்றன. பருவத்தில் சுமார் ஆறு மாதம் திறந்திருக்கும், பிறகு பூட்டு. அடுத்த ஆண்டு மீண்டும் இடம் வேண்டுமானால், இடைக்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் 50 மைலுக்கு அப்பால் வாழ்ந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. 'புலம்பெயர்' என்ற சொல்லைக் காப்பாற்றப்போய்ப் பிள்ளைகளின் பள்ளி நவம்பரில் ஒருமுறை, மேயில் ஒருமுறை என்று உடைந்தது. நெடுங்காலம் போராடியபின் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஒரு பகுதிக்குத் தளர்வு வந்தது. மையத்தில் சேரும்போதே இப்போதைய விதி என்ன, தளர்வில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

எச்-2ஏ விசாவில் ஒரு பருவத்துக்கு வருகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு வீடு முதலாளியின் கடமை, வாடகை கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு, அல்லது இலவச சமையலறை வசதி. ஆள் வருமுன் வீட்டைச் சோதனை போட்டிருக்க வேண்டும். ஒப்பந்த நாட்களில் நான்கில் மூன்று பங்குக்காவது வேலை தருவதாக உத்தரவாதமும் உண்டு.

யார் கொடுத்த முகாமாக இருந்தாலும், உள்ளே போனதும் அளவுநாடாவால் பார்க்கக்கூடிய விஷயங்கள் உண்டு. மலையகத்தில் லயம் என்கிறோமே, அந்த வகையான வரிசை அறைதான் இங்கேயும் பல இடங்களில். தொழிலிடப் பாதுகாப்பு விதி 1910.142 தூங்கும் அறையில் தலைக்கு 50 சதுர அடி கேட்கிறது. 10க்கு 15 அறை என்றால் 150 சதுர அடி, மூன்று பேர். அதே அறைக்குள் அடுப்பு வைத்துச் சமைக்கவும் செய்தால் தலைக்கு 100 சதுர அடி. அப்போது அதே அறை ஒரே ஆளுக்குத்தான் சரி. நான்கு பேரைப் போட்டு மூலையில் ஒரு மின்னடுப்பும் வைத்திருந்தால் எத்தனை மடங்கு மீறல் என்று நீங்களே பாருங்கள். கூரை 7 அடிக்குக் குறையக் கூடாது. கட்டில் தரையிலிருந்து 12 அங்குலமாவது உயர்ந்து, ஒன்றுக்கொன்று 36 அங்குல இடைவெளி. அடுக்குக் கட்டில் என்றால் 48 அங்குலம்; கீழ்ப்படுக்கைக்கும் மேல்படுக்கைக்கும் நடுவே 27 அங்குலம். மூன்றடுக்கு அறவே கூடாது. சன்னல் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதியாவது திறக்கவேண்டும், ஆணியடித்து மூடிய சன்னல் கணக்கில் சேராது. குளியலுக்கு 10 பேருக்கு ஒரு ஷவர், கழிப்பறை 15 பேருக்கு ஒன்று, படுக்கையறைக் கதவிலிருந்து 200 அடிக்குள். நீர் தலைக்கு நாளொன்றுக்கு 35 கேலன், அதாவது 130 லிட்டர் சொச்சம். கால்நடைக் கொட்டிலிலிருந்து 500 அடி தள்ளி. 1980 ஏப்ரலுக்கு முன் கட்டிய சில பழைய முகாம்களுக்கு வேறு விதித்தொகுப்பு பொருந்தலாம்; அளவுகளில் சிறு வேறுபாடு வரும்.

மேஸ்திரி தன் வீட்டில் தங்கவைத்தால், அவருடைய மத்தியப் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். ஆள் சேர்க்க, வண்டியில் ஏற்றிச்செல்ல, வீடு கொடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி அதில் குறித்திருக்கும். வீட்டுக்கு அனுமதி இல்லாதவர் வீடு கொடுப்பதே மீறல். புகாரைத் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் கொடுக்கலாம். அல்லது மாநில வேலைவாய்ப்புத் துறையில் 'மானிட்டர் அட்வகேட்' என்று ஓர் அதிகாரி இருப்பார். 1974இல் நீதிபதி ரிச்சி பிறப்பித்த உத்தரவின் விளைவாக வந்த பதவி அது. பண்ணைத் தொழிலாளருக்கு மற்றவர்களுக்குச் சமமான சேவை கிடைக்கிறதா என்று பார்ப்பதே அவர் வேலை. வெளியூர் அமைப்புகளைவிட இவருக்கு உள்ளூர் முகாம்கள் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன முட்டலுக்கு வருகிறேன். 514, 516 குடியிருப்பில் இருக்க, குடும்பத்தில் ஒருவராவது 'பண்ணைத் தொழிலாளி' ஆக இருக்கவேண்டும். அதாவது அவர் வருமானத்தில் கணிசமான பங்கு விவசாயக் கூலியாக இருக்கவேண்டும். முதுமையாலோ ஊனத்தாலோ வேலையை விட்டவர்களுக்கு விலக்கு உண்டு. லாரி ஓட்டப் போனவருக்கு இல்லை. குடும்பத்தில் ஒருவரே வயலுக்குப் போகிறவர், அவரே பயிற்சி முடித்து வெளியேறிவிட்டார் என்றால், அடுத்த ஆண்டு வருமானச் சரிபார்ப்பில் குடும்பத்தின் தகுதி விழும். ஆகவே பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திடும் முன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு குடியிருப்பு மேலாளரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். தகுதி யார் பெயரில் நிற்கிறது? அடுத்த சரிபார்ப்பு எப்போது? பட்டியலில் தகுதியானவர் யாரும் காத்திராவிட்டால் நாங்கள் தொடர்ந்து இருக்கலாமா? இருவரும் வயலுக்குப் போகும் குடும்பமென்றால், ஒருவர் வயலிலேயே இருக்க மற்றவர் வெளியேறுவதுதான் பாதுகாப்பான வரிசை. வயலுக்குள்ளேயே மேற்பார்வையாளராக உயர்பவருக்கு வருமான வரம்பைத் தாண்டாதவரை இந்தத் தலைவலி குறைவு.

இரண்டு வருமானமும் நிலைத்து, குடும்பத்தில் பச்சை அட்டையோ குடியுரிமையோ இருந்தால், அடுத்த படி வாடகை வீடு அல்ல. சொந்த வீடு. கிராமப்புறங்களில் அதற்கு விவசாயத் துறையின் 502ஆம் பிரிவு நேரடி வீட்டுக் கடன் உண்டு: முன்பணம் வேண்டாம், 33 ஆண்டு, சிலருக்கு 38, மானியத்தோடு வட்டி 1 சதவீதம்வரை இறங்கும். கையிருப்பே இல்லாதவர்களுக்கு அதோடு 523ஆம் பிரிவின் கூட்டு உழைப்பு முறை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கோஷெனில் 1960களில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களோடு தொடங்கிய முறை அது. எட்டு, பத்து குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் வீட்டை மற்றவர் கட்டுகிறார்கள். கட்டுமான உழைப்பில் 65 சதவீதம் குடும்பங்களே போடவேண்டும். மின்சாரம், குழாய் போன்றவற்றுக்குத் தொழில்காரர்கள். வாரத்துக்கு ஒரு குடும்பத்திலிருந்து 35, 40 மணி நேரம். பெரும்பாலும் ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அந்த உழைப்பே முன்பணம். அஸ்திவாரத்திலிருந்து ஓடு வரை எந்த வீடு முதலில் முடிந்தாலும் சாவி தரமாட்டார்கள். குழுவின் கடைசி வீட்டுக்கும் வேலை முடிந்த பிறகுதான் எல்லோரும் ஒன்றாகக் குடிபோகலாம்.